பெட்டி கொழும்பு போயிடுது, பேப்பர் ஏன் போக மாட்டேங்குது? அண்டை நாட்டு ஆடிட்டர்கள் கைகோத்தால் வட சென்னைக்கு என்ன கிடைக்கும்?

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரைக்கும் கடலோரமாக ஒருமுறை பைக்கில் போனவர்களுக்குக் கன்டெய்னர் லாரி வரிசை பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஜீரோ கேட்டுக்குள் நுழைய டிரைவர்கள் மணிக்கணக்கில் காத்திருந்த கதையெல்லாம் செய்தியாக வந்துகொண்டேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வரிசையும் இதே ஏரியாவில் இருக்கிறது. அது பேப்பர் வரிசை. பெட்டி கப்பலேறி ஓரிரு நாளில் கொழும்பு போய்ச் சேர்ந்துவிடும். அதற்குக் கொடுக்க வேண்டிய பணம் மட்டும் பாரிமுனை பக்கத்து வங்கிக் கிளையில் நிற்கும். "கொழும்புலேருந்து ரெசிடென்சி சர்டிஃபிகேட் இன்னும் வரலைண்ணே, ஆடிட்டர் கையெழுத்து போட மாட்டேங்கிறார்" என்ற வசனம் லிங்கிச் செட்டித் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் யாருக்கும் புதிதில்லை.

அண்டை நாடுகளின் வரி ஆலோசகர் சங்கங்கள் ஒன்றாக வேலை செய்வது, அதாவது 'பிராந்திய ஒத்துழைப்பு', கேட்டதும் கொட்டாவி வரவைக்கிற விஷயம்தான். ஆனால் இந்த வங்கிக் கிளையில் நிற்கிற பணத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

கொழும்பு ஏன் இவ்வளவு முக்கியம்?

பெரிய தாய்க் கப்பல்கள் எல்லாத் துறைமுகத்துக்கும் வராது. சின்ன ஃபீடர் கப்பலில் பெட்டியை ஏற்றி, ஒரு மையத் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிற தாய்க் கப்பலில் மாற்றுவார்கள். இதுதான் டிரான்ஷிப்மென்ட். இப்படி மாற்றப்படும் இந்தியச் சரக்கில் ஏறத்தாழ 75% வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கையாளப்படுகிறது என்று மத்திய அரசே சொல்லி வந்திருக்கிறது. அதிலும் 85 சதவீதத்துக்கு மேல் மூன்றே துறைமுகங்களில்: கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிளாங். முதலிடம் கொழும்புக்கு. கேரளாவின் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் 2025 மே 2-ல் நாட்டுக்கு அர்ப்பணித்திருக்கிறார், அதனால் இந்தக் கணக்கு மெதுவாக மாறலாம். இன்றைக்கு ராயபுரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன ஃப்ரெயிட் ஃபார்வர்டருக்குக் கொழும்பில் ஓர் ஏஜென்ட் இல்லாமல் பிழைப்பு ஓடாது.

ஏஜென்ட் இருந்தால் பில் வரும். பில் வந்தால் வரிக் கேள்வி வரும்.

₹6 லட்சம் பில், எத்தனை விதமான வரி?

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. கொழும்பு நிறுவனம் ஒன்று உங்களுக்கு ₹6 லட்சத்துக்கு பில் அனுப்புகிறது. அதில் சரக்கு கையாண்ட கூலி இருக்கிறது. கூடவே 'கன்சல்டன்சி' என்று ஒரு வரியும் இருக்கிறது. (இந்த மாதிரி கலந்து கட்டி பில் போடுவதுதான் பாதி வம்புக்குக் காரணம்.)

வெளிநாட்டுக்காரருக்குப் பணம் அனுப்பும்போது, அது இந்தியாவில் வரிக்கு உட்பட்டதென்றால், டிடிஎஸ் பிடிப்பது அனுப்புகிறவரின் பொறுப்பு. கொழும்பிலேயே நடந்த சாதாரண சரக்கு வேலைக்கான கூலி, இந்தியாவில் அந்த நிறுவனத்துக்கு நிரந்தர அலுவலகம் இல்லை என்றால், பொதுவாக இங்கே வரிக்குள் வராது. 'தொழில்நுட்பச் சேவைக் கட்டணம்' என்ற வகைக்குள் போய்விட்டால் கதை வேறு. 1961 வருமான வரிச் சட்டப்படி அதற்கான விகிதம் 2023 பட்ஜெட்டில் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக ஏற்றப்பட்டது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 2013 ஜனவரி 22-ல் கையெழுத்தாகி, அதே ஆண்டு அக்டோபர் 22 முதல் அமலில் இருக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தமோ 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது.

ஆக, ஒரே பில்லுக்குப் பூஜ்யம், ₹60,000, கல்வி செஸ் சேர்த்து ₹1,24,800 என்று மூன்று விடைகள் வரலாம். எது சரி என்பது பில்லின் வாசகத்தையும் இரண்டு பேப்பரையும் பொறுத்தது. ஒன்று, கொழும்பு நிறுவனம் இலங்கையின் வரி வதிவாளர்தான் என்று அந்த நாட்டு வரித்துறை தரும் சான்றிதழ். இன்னொன்று, அந்த நிறுவனமே இந்திய வரித்துறை போர்ட்டலில் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய படிவம் 10எஃப். இந்த இரண்டும் இல்லாவிட்டால் ஒப்பந்தச் சலுகை கிடையாது.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. "உங்க ஊர் வரி எனக்குத் தெரியாது, என் பில் தொகை முழுசா வரணும்" என்று கொழும்புக்காரர் சொல்லிவிட்டால், வரியைத் தலையில் கட்டிக்கொள்வது நம்ம ஃபார்வர்டர். 20% விகிதத்தில், அவர் கைக்கு ₹6 லட்சம் முழுதாகப் போக வேண்டும் என்றால் கட்ட வேண்டிய வரி சுமார் ₹1.57 லட்சமாக வீங்குகிறது. பிடிக்காமல் விட்டுவிட்டால் அந்த ₹6 லட்சத்தையும் செலவுக் கணக்கில் காட்டவே விடமாட்டார்கள், வட்டி வேறு. உள்நாட்டுப் பணப் பட்டுவாடாவில் இதே தவறுக்கு 30% செலவுதான் கழிபடும். வெளிநாடு என்றால் முழுத்தொகையும் போச்சு.

இப்போது வங்கியில் பணம் ஏன் நிற்கிறது என்பது புரியும். நிதியாண்டுக்கு ₹5 லட்சத்தைத் தாண்டும் வரிக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பணப் பட்டுவாடாவுக்கு ஆடிட்டர் சான்று, அதாவது எல்லாரும் 15சிபி என்று சொல்கிற அந்தப் படிவம், தேவை. தன் கையெழுத்துக்குத் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால், இலங்கைப் பேப்பர் வராமல் எந்த ஆடிட்டரும் பேனாவைத் திறக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

(ஒரு குறிப்பு: 1961 சட்டத்தின் இடத்துக்கு வரும் 2025 வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஏப்ரல் 1. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும் என்பதால் பழக்கமான பழைய பெயர்களையே இங்கே பயன்படுத்துகிறோம்.)

சரி, சங்கங்கள் என்ன செய்கின்றன?

சங்கங்கள் இல்லாமல் இல்லை. தெற்காசியக் கணக்காளர் கூட்டமைப்பான 'சாஃபா' 1984-ல் உருவானது. சார்க் அமைப்பு பிறந்ததே 1985-ல்தான். ஆக, தலைவர்களுக்கு முன்னாடியே கணக்கர்கள் கைகுலுக்கிவிட்டார்கள். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், காஸ்ட் அக்கவுன்டன்ட் நிறுவனம், இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளத்தின் சக நிறுவனங்கள் எல்லாம் இதில் உறுப்பினர்கள். 2014 காத்மாண்டுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடு நடக்கவே இல்லை, 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது ரத்தானது. அரசியல் மேசை காலியாகக் கிடந்தபோதும் கணக்காளர் மேசை தொடர்ந்தது என்பதைக் குறைத்து மதிக்க முடியாது.

ஆனால் சாஃபாவின் பெயர் வெளியில் தெரிவது பெரும்பாலும் சிறந்த ஆண்டறிக்கைக்கான விருதுகளால். அவை வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் போகும். ஆண்டறிக்கையே அச்சடிக்காத திருவொற்றியூர் பட்டறைக்காரருக்கு அதில் வேலையில்லை.

வரிக்கென்றே தனியாக இருப்பது ஆசிய-ஓசியானிய வரி ஆலோசகர் சங்கம். ஜப்பானியர்கள் முன்னின்று 1992-ல் தொடங்கியது. இந்தியாவிலிருந்து அதில் இருப்பது அகில இந்திய வரித் தொழிலர் கூட்டமைப்பு. 1976-ல் தொடங்கிய இதன் முதல் தலைவர் நானி பல்கிவாலா. வருடாந்திர மாநாடு, கட்டுரை வாசிப்பு, ஒவ்வொரு நாட்டு வரி மாற்றம் பற்றிய உரைகள் என்று நடக்கிறது. ஐரோப்பாவில் இதற்கெல்லாம் முன்னோடியான வரி ஆலோசகர் கூட்டமைப்பு 1959-லேயே வந்துவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா, கானா போன்ற நாடுகளின் வரி நிறுவனங்களும் சேர்ந்து ஒரு ஒன்றியம் வைத்திருக்கின்றன. பணக்கார நாடுகளுக்கு மட்டுமான விஷயம் இல்லை இது.

ஜப்பானில் 'ஜெய்ரிஷி' என்று வரி ஆலோசகருக்குத் தனிப் படிப்பு, தனி உரிமம், தனிச் சட்டம் உண்டு. ஜெர்மனியிலும் அப்படியே. இந்தியாவில் வரி ஆலோசகர் என்ற ஒற்றை உரிமமே கிடையாது. பட்டயக் கணக்காளர், வழக்கறிஞர், காஸ்ட் அக்கவுன்டன்ட், கம்பெனி செகரட்டரி, ஜிஎஸ்டி பிராக்டிஷனர், சுங்கத்துக்குத் தனியாக கஸ்டம்ஸ் புரோக்கர் (பேச்சில் இன்னும் சிஹெச்ஏதான்) என்று பிரிந்து கிடக்கிறார்கள். இவர்களில் சர்வதேச மேசையில் நாற்காலி கிடைப்பது முதல் இரண்டு மூன்று பேருக்குத்தான். ஃப்ரெயிட் ஃபார்வர்டர்களுக்கு 1926-ல் வியன்னாவில் தொடங்கிய 'ஃபியாட்டா' என்ற உலகக் கூட்டமைப்பு இருக்கிறது, அது வேறு உலகம். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் சின்ன ஏற்றுமதியாளரின் கணக்கைத் தினமும் பார்க்கிற ஜிஎஸ்டி பிராக்டிஷனருக்குக் கொழும்பில் யாரைக் கேட்பது என்றே தெரியாது. பிரச்சினை அவர் மேசையில் இருக்கிறது, தொடர்பு எண் வேறொருவர் பையில் இருக்கிறது.

அதிகாரிகளுக்கு மட்டும் வழி இருக்கே?

ஆமாம். 2005 நவம்பர் 13-ல் டாக்காவில் சார்க் நாடுகள் ஒரே நாளில் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, வரி விஷயத்தில் வரையறுக்கப்பட்ட பலதரப்பு ஒப்பந்தம். இன்னொன்று, சுங்கத்துறைகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வதற்கானது. முதல் ஒப்பந்தம் அமலுக்கு வர 2010 மே ஆனது. அதைப் படித்துப் பார்த்தால் யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். வரித்துறைகள் தகவல் பரிமாறிக்கொள்ளலாம், வரி வசூலில் ஒருவருக்கொருவர் உதவலாம், நோட்டீஸ் சேர்ப்பிக்கலாம். ஆசிரியர், ஆராய்ச்சியாளர், மாணவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. வியாபார லாபத்துக்கு யார் வரி போடுவது என்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை.

2024 டிசம்பர் 16-ல், இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்கவின் டெல்லி வருகையின்போது, 2013 ஒப்பந்தத்தைத் திருத்தும் நெறிமுறை கையெழுத்தானது. ஒப்பந்தத்தைத் தவறாகப் பயன்படுத்தி வரி ஏய்ப்பவர்களைத் தடுக்கும் சர்வதேசத் தரத்துக்கு அதைக் கொண்டுவருவது நோக்கம். நியாயமான விஷயம். ஆனால் கவனித்தீர்களா, பிடிப்பதற்கான பாலம் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அகலமாகிறது. ஒழுங்காகக் கட்டுகிறவர் நடந்து போக ஒற்றையடிப் பாதைகூட யாரும் போடவில்லை. இரண்டு அரசுகளும் பேசித் தீர்க்கும் 'பரஸ்பர உடன்பாட்டு' வழி ஒப்பந்தத்தில் இருக்கிறது. ₹1 லட்சத் தகராறுக்கு யார் அங்கே போவார்கள்?

வேலை பார்க்கிற இளைஞருக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு, இதுதான் பலரும் தெரியாமல் மாட்டிக்கொள்வது. திருவொற்றியூரில் வீட்டிலிருந்தே ஒரு கொழும்பு நிறுவனத்துக்கு சாஃப்ட்வேர் வேலை செய்து வருடம் ₹10 லட்சம் பில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் உள்நாட்டு விகிதப்படி 14% பிடித்துக்கொண்டு ₹8.6 லட்சம் அனுப்புகிறார்கள். இங்கே ரிட்டர்ன் போடும்போது, படிவம் 67 நிரப்பி, ₹1.4 லட்சத்தையும் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். முடியாது. ஒப்பந்தம் அனுமதிப்பதற்கு மேல் பிடிக்கப்பட்ட வரிக்கு இந்தியா கிரெடிட் தராது என்று விதி 128 சொல்கிறது. ₹1 லட்சம் வரைதான், அதுவும் அந்த வருமானத்துக்கு இங்கே கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான். மிச்சம் ₹40,000-ஐக் கொழும்பில் போய்த்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? அங்கே ஒரு ஆடிட்டர் வேண்டும். அவர் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்தால், நாற்பதாயிரத்தை விட்டுவிடலாம் என்று தோன்றும்.

பணம் பிடிப்பதற்கு முன்னாலேயே உங்கள் இந்திய வதிவிடச் சான்றிதழை அனுப்பியிருந்தால் இந்தச் சிக்கலே பெரும்பாலும் வந்திருக்காது. அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

இலங்கைப் பக்கமும் நிலைமை வேகமாக மாறுகிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு அங்கே வாட் 8 சதவீதத்திலிருந்து 12, 15 என்று ஏறி 2024 ஜனவரி 1 முதல் 18 ஆனது. தனிநபர் வரியின் உச்ச விகிதம் 36%. இதை எதிர்த்து 2023-ன் தொடக்கத்தில் டாக்டர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் எல்லாம் தெருவுக்கு வந்தார்கள். அதுவரை வரி விலக்கு பெற்றிருந்த சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 15% வரை வரி. அதாவது, சென்னைக்கு வேலை செய்து கொடுக்கும் கொழும்பு இளைஞருக்கும் இப்போது இதே தலைவலி. இந்தியாவில் பிடித்த வரிக்கு அங்கே கிரெடிட் கேட்க, நம் ஊர் டிடிஎஸ் சான்றிதழ் அவருக்கு வேண்டும். நாம் அவரிடம் பேப்பர் கேட்டுக் காத்திருப்பதுபோல அவரும் நம்மிடம் காத்திருக்கிறார்.

மொழி ஒன்று, அகராதி இரண்டு

இந்த இரு நகரங்களுக்கு மட்டும் இருக்கிற ஒரு வசதி, டாக்காவுக்கும் கராச்சிக்கும் இல்லாதது: தமிழ். 1987-ன் 13-வது திருத்தத்திலிருந்து தமிழும் இலங்கையின் ஆட்சிமொழி. வரித்துறை மூன்று மொழிகளிலும் இயங்க வேண்டும். ஆனால் வரித் தமிழ் ஒன்றல்ல. நம் 'மதிப்புக் கூட்டு வரி' அங்கே 'பெறுமதி சேர் வரி'. நாம் டிடிஎஸ் என்போம், அங்கே 'நிறுத்திவைத்தல் வரி'. வருமான வரித்துறைக்கு இணையானது 'உள்நாட்டு இறைவரித் திணைக்களம்'. வாட்ஸ்அப்பில் "இறைவரியில பதிஞ்சாச்சு" என்று வந்தால் நம்ம ஊர் அக்கவுன்டன்ட், "என்னது, கோயில் வரியா?" என்று முழிப்பார். சிரிப்பாக இருக்கும், ஆனால் தப்பான படிவம் நிரப்பப்படுவது இப்படித்தான். இரண்டு பக்கத்து வரிச் சொற்களையும் எதிரெதிரே போட்ட பத்துப் பக்கச் சொற்பட்டியல் ஒன்றை எந்தச் சங்கமும் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

வரி ஆண்டும் ஒன்றுதான்: இரண்டு நாட்டிலும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் ஜூலையில் தொடங்கும், நேபாளத்திலும் ஜூலை நடுவில். வதிவிடச் சான்றிதழ் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், ஆண்டு ஒத்துப்போவது சின்ன விஷயமில்லை.

கப்பல் கிளம்பறதுக்கே வரியா?

வருமான வரியும் துறைமுகமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடலாம். எப்போதாவது வந்துபோகும் வெளிநாட்டுக் கப்பல் இந்தியத் துறைமுகத்தில் சரக்கேற்றினால், அந்தச் சரக்குக் கட்டணத்தில் 7.5 சதவீதத்தை வருமானமாகக் கருதி வரி போடுவார்கள். அது கட்டப்படாமலோ அதற்கு ஏற்பாடு செய்யாமலோ சுங்கத்துறை கப்பலுக்குக் கிளியரன்ஸ் தராது. கட்டணம் ₹10 லட்சம் என்றால் வருமானம் ₹75,000. வெளிநாட்டு கம்பெனிக்கான 35% விகிதப்படி வரி ₹26,250, அதன்மேல் செஸ். எண்ணூரில் நிலக்கரியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கப்பலுக்கு இது வராது. அதே காமராஜர் துறைமுகத்தில் கார் ஏற்றிக்கொண்டு போகும் கப்பலுக்கு வரும்.

பல நாடுகளுடனான ஒப்பந்தத்தில் கப்பல் லாபத்துக்குச் சொந்த நாட்டில் மட்டுமே வரி. அதைக் காட்ட மறுபடியும் அதே வதிவிடச் சான்றிதழ். கப்பல் ஒரு நாள் கூடுதலாக நின்றால் ஆகும் செலவை வைத்துப் பார்த்தால், அங்கே இருக்கிற ஆடிட்டர் ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு போனை எடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஏஜென்ட்களைக் கேட்டால் சொல்வார்கள். பெரிய கப்பல் கம்பெனிகளுக்கு எல்லா நாட்டிலும் கிளை வைத்திருக்கும் பெரிய ஆலோசனை நிறுவனங்கள் உண்டு. சின்னவர்களுக்குச் சங்கம்தான் அந்தக் கிளை.

இதில் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. எல்லை தாண்டி ஆடிட்டர்கள் நெருக்கமானால் வரியைக் குறைக்கும் தந்திரங்களும் எல்லை தாண்டும் என்று அதிகாரிகள் சந்தேகப்படுவது ஆதாரமில்லாதது அல்ல. இந்திய-இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. வேறு நாட்டு மிளகு 'இலங்கை மிளகு' என்ற பெயரில் சலுகை வரியில் வருகிறது என்று இங்குள்ள விவசாயிகள் கொதித்ததும், 2017 டிசம்பரில் கிலோவுக்கு ₹500 என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். 2020 செப்டம்பர் 21 முதல், பொருள் எங்கே விளைந்தது, எப்படித் தயாரானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. வெறும் மூலச் சான்றிதழைக் காட்டித் தப்ப முடியாது.

நேர்மையாக இறக்குமதி செய்கிறவருக்கு இங்கேதான் சிக்கல். கொழும்பு ஏற்றுமதியாளர் தன் அடக்க விலைக் கணக்கை ராயபுரம் வியாபாரியிடம் ஏன் காட்டுவார்? அதை அங்கே ஒரு பதிவுபெற்ற கணக்காளர் சரிபார்த்து, இங்கே ஒருவர் ஏற்றுக்கொள்ளும் வடிவில் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் இரண்டு தரப்புக்கும் வசதி. கையெழுத்துப் போடுகிறவர் தன் நாட்டு ஒழுங்குமுறை அமைப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதால், பொய் சொன்னால் உரிமம் போகும். தனி நபர் அறிமுகத்தில் நடக்கும் உதவிக்கு இந்தப் பிடிமானம் கிடையாது. சந்தேகத்துக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலையில் வருமான வரித்துறையின் ஆயகர் பவனும் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்தியக் கிளையும் அருகருகே இருக்கின்றன. அங்கே நடக்கும் சர்வதேச வரிக் கருத்தரங்குகளில் டிஜிட்டல் வரி, உலகளாவிய குறைந்தபட்ச வரி என்று பேச்சு ஓடும். தேவையான பேச்சுதான். அடுத்த முறை கொழும்பிலிருந்து ஒரு குழு வரும்போது, ஒரு மதியத்தை மட்டும் பாரிமுனைக்கு ஒதுக்கச் சொல்லலாம். சிஹெச்ஏக்கள், ஜிஎஸ்டி பிராக்டிஷனர்கள், நாலைந்து சின்ன ஃபார்வர்டர்கள், மேசையில் அவர்களிடம் தேங்கிக் கிடக்கும் பில்கள். வதிவிடச் சான்றிதழுக்குக் கொழும்பில் எந்த கவுன்டரில் என்ன கொடுக்க வேண்டும், எத்தனை நாள் ஆகும், இதை முதல் கேள்வியாக வைக்கலாம்.

அதுவரைக்கும் உங்கள் கையில் இருப்பது இவ்வளவுதான்: கொழும்புக்காரரிடம் ஏப்ரலிலேயே சான்றிதழ் கேட்டு வாங்கி வையுங்கள், பில்லில் சரக்குக் கூலியையும் ஆலோசனைக் கட்டணத்தையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள், வரி யார் தலையில் என்பதை முதல் மெயிலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.